வெட்டக்கூடாத இடம்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது. எழுதிவிட்டதாகவே வைத்துக்கொள். நீயும் மாமாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போனில் பேச முடியாததால் எழுதுகிறேன். உன் அழைப்பு வந்தாலே அம்மா "ஸ்பீக்கர்ல போடு" என்கிறாள். அவள் காதுபட நான் எதைக் கேட்பது? மெசேஜில் எழுதினால் நீ ஒரு கட்டைவிரலை அனுப்பி முடித்துவிடுவாய். அதனால்தான் இந்த நீளமான மின்னஞ்சல். வார்டில் வேலை முடிந்து உட்கார்ந்து படி.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மாவுக்கு வீசிங் கொஞ்சம் கூடியிருக்கிறது. லிஃப்ட் கெட்டுப்போயிருப்பதால் படியேறித்தான் வர வேண்டும், நடுவில் நின்று நின்று வருகிறாள். கேட்டால், "படிதான் செங்குத்தா இருக்கு, எனக்கு ஒண்ணும் இல்ல" என்கிறாள். இத்தனை வருஷம் இல்லாத செங்குத்து! இன்ஹேலரை மட்டும் வேளை தவறாமல் எடுக்கிறாள். எப்போதும்போல நம் யூட்யூப் சேனலில் நீ இன்ஹேலர் எடுத்துக் காட்டும் வீடியோவைப் போட்டுக்கொண்டு, உன்னோடு சேர்ந்து. அறைக்கதவைச் சாத்திவிட்டு, "பெரியவகூட மூச்சு விடற நேரம், யாரும் தொந்தரவு பண்ணாதீங்க" என்று உத்தரவு வேறு. இந்த வீட்டில் அந்த 'யாரும்' நான் ஒருத்திதான். அடுத்த வாரம் டாக்டரிடம் அழைத்துப் போகிறேன்.

இனி நான் எழுத உட்கார்ந்த விஷயம்.

போன வாரம் ஒரு பெண் கூப்பிட்டாள். சேனலுக்கு உதவிக்கென்று நீ சேர்த்துக்கொண்ட கம்பெனியில், வீடியோ வெட்டும் பிரிவில் இருப்பதாகச் சொன்னாள். நல்ல பெண், மூச்சுக்கு மூச்சு மேடம். "மேடம், உங்க ட்ரெயினிங் வீடியோல மூணாவது பார்வைன்னு ஒண்ணு சொல்றீங்களே, கையால பாக்கறதுன்னு. அது மட்டும் எங்க டீம்ல யாருக்கும் புரியல. மவுஸைச் சொல்றீங்களா?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகுதான் உறைத்தது. எந்த ட்ரெயினிங் வீடியோ என்று கேட்டேன். "அதான் மேடம், உங்க அக்காவுக்கு ஸ்கிரீன் ஷேர் பண்ணி ரெண்டு மணி நேரம் சொல்லிக்குடுத்தீங்களே. புதுசா சேர்றவங்களுக்கெல்லாம் அதைத்தான் போட்டுக் காட்டறோம். சேனல்ல இருக்கற பழசையெல்லாம் உங்க முறையிலேயே புதுசா வெட்டிட்டு இருக்கோம்" என்றாள்.

அக்கா, அந்த அழைப்பு உனக்கு நினைவிருக்கிறதா? நினைவு வைத்துக்கொள்ள உனக்கு அவசியமில்லை, பதிவே இருக்கிறது. எனக்கு ஒவ்வொரு நிமிஷமும் நினைவிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை, காலை வெயில் மேஜை மேல் விழுந்திருந்தது. "நீ எப்படித்தான் வெட்டறேன்னு எனக்கு ஒரு நாளாவது காட்டேன்டி" என்று நீயாகவே கேட்டாய். சேனல் தொடங்கிய நாளிலிருந்து நீ கேட்காத கேள்வி. மருந்தை எப்படி எடுப்பது என்று நீ செய்து காட்டுவாய், நான் வெட்டி ஒட்டுவேன், நீ அனுப்புவாய், நான் முடிப்பேன், அவ்வளவுதான் நமக்குள் இருந்தது. அன்று நீ கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. தலைகூட வாராமல், நைட்டியோடு உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தேன்.

என்னவெல்லாம் சொன்னேன்! முதல் பார்வையில் காதை மூடிக்கொள்வேன்: சத்தத்தை நிறுத்திவிட்டு உன் கைகளை மட்டும் பார்ப்பேன், கை எங்கே படச்சட்டத்துக்கு வெளியே போகிறது என்று. இரண்டாவது பார்வையில் கண்ணை மூடிக்கொள்வேன்: பாத்திரம் கழுவிக்கொண்டே உன் குரலை மட்டும் ஓட விடுவேன், சொல்லில் எங்கே இடறுகிறது என்று. மூன்றாவது, கையால் பார்ப்பது. நீ காட்டும் பொருளை நானும் எடுத்து வைத்துக்கொண்டு, வீடியோ ஓட ஓட உன்னோடு செய்து பார்ப்பேன். என் கை எங்கே பின்தங்குகிறதோ அங்கே படம் காத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் வெட்டு.

அந்த மூன்றாவது பார்வை எப்படி வந்தது என்றும் சொன்னேன். ஆரம்பத்தில் நானும் விளம்பரம் மாதிரி சரசரவென்றுதான் வெட்டிக்கொண்டிருந்தேன். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது, சொட்டு மருந்து வீடியோவைப் போட்டுக்கொண்டு அவளே போட்டுப் பார்த்தாள். கண்ணுக்குப் போக வேண்டியது கன்னத்துக்குப் போனது. "பெரியவ வேகமா போயிட்டா, நான் என்ன பண்றது?" என்றாள். நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டியதுதானே என்றேன். "பேசிட்டு இருக்கறவளைப் பாதியில நிறுத்துவாங்களா? நான் அப்படியா உங்களை வளர்த்தேன்?" என்று திருப்பிக் கேட்டாள். இன்றுவரை அவள் அந்த நிறுத்தும் பொத்தானைத் தொட்டதில்லை. அவளுக்காகத்தான் படத்துக்குள்ளேயே காத்திருப்பை வைக்கப் பழகினேன். அதைச் சொன்னபோது நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். குளியலறையிலிருந்து அம்மா சுடுதண்ணீர் வரவில்லை என்று கத்தினாள். அதுவும் பதிவில் இருக்கும், இல்லையா? புதிதாகச் சேரும் பிள்ளைகள் அந்த இடத்தில் சிரிப்பார்கள்.

நடுவில் உன் பக்கம் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். யாரென்று கேட்டதற்கு, "டி.வி. ஓடுதுடி" என்றாய். டி.வி. கனைத்தால் பின்னால் ஒரு பேச்சாவது வரும். வரவில்லை. அன்று அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "மெதுவா சொல்லு, இன்னொரு தரம் சொல்லு" என்று நீ கேட்கக் கேட்க, அக்கறை என்றே நினைத்துக்கொண்டேன்.

கம்பெனி வந்தது தவறு என்று சொல்ல வரவில்லை. ஊரெல்லாம் பார்க்கும் சேனல், நாம் இரண்டு பேர் எத்தனை நாள் இழுப்பது? "சப்டைட்டில் போடறதுக்கு மட்டும் கொஞ்சம் உதவி பண்றாங்க" என்று நீ சொன்னதை நம்பினேன். வெட்டும் வேலையையே அவர்கள் கையில் கொடுத்துவிட்டாய் என்றாலும் பொறுத்திருப்பேன். "அவங்களுக்கு உன் முறை வேணுமாம், சொல்லிக்கொடு" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தலை வாரிக்கொண்டு உட்கார்ந்து சொல்லியிருப்பேனே. கேட்டாலே கொடுத்திருக்கக்கூடியதை ஏன் அக்கா எனக்குத் தெரியாமல் எடுத்தாய்? நாம் இருவரும் படங்களைப் போட்டு வைக்கும் ஆன்லைன் சேமிப்பைத் திறந்து பார்த்தேன். வெட்டாத மூலப் படங்களெல்லாம் அவர்களுக்குப் பிரதி போயிருக்கின்றன. அதற்குப் பிறகு நம் சேனல் பக்கம் போகவே எனக்கு மனசு வரவில்லை.

அந்தப் பெண்ணுக்கு மூன்றாவது பார்வையை விளக்கினேன். அவள் மேல் என்ன தப்பு? "கையில இன்ஹேலரை வெச்சுக்கிட்டு நீங்களே கூடச் செஞ்சு பாக்கணும்மா" என்றேன். சிரித்தாள். "ஐயோ, அதுக்கெல்லாம் எங்க மேடம் நேரம்! சத்தமில்லாத இடத்தையெல்லாம் சாஃப்ட்வேரே எடுத்துடும், நாங்க பாட்டு மட்டும் போடுவோம்" என்றாள்.

பதில் எழுது. சமாதானம் சொல்ல வேண்டாம். ஏன் என்று மட்டும் சொல்.

என்றும் உன்,
தங்கை

~

அக்காவுக்கு,

உன் பதில் வந்தது. நாலே வரி. "ஏன்டி இதுக்குப் போய் இவ்வளவு பெருசா எழுதற? உனக்கும் ஓய்வு கிடைக்கும்னுதான் நினைச்சேன். எல்லாம் உன் முறைப்படிதான் பண்றாங்க. ஒவ்வொண்ணையும் நான் பாத்துட்டுத்தான் ஓகே சொல்றேன்" என்று எழுதியிருக்கிறாய். படித்தவுடன் மூடிவிட்டேன். இரண்டு நாள் கழித்து அந்தக் கடைசி வரிக்காக மறுபடி திறக்க வேண்டி வந்தது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

அம்மாவை டாக்டரிடம் அழைத்துப்போனேன். நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். இவ்வளவு மருந்துக்கு இவ்வளவு இழுப்பு இருக்கக்கூடாது, மருந்தை ஏற்றலாமா என்று யோசித்தவர், "எங்கே, எடுத்துக் காட்டுங்கம்மா" என்றார். அம்மா கைப்பையிலிருந்து இன்ஹேலரை எடுத்தாள். பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். குலுக்கினாள், மூச்சை வெளியே விட்டாள், உதட்டை மூடி, அழுத்தி, இழுத்தாள். எல்லாம் சரி. இழுத்த மூச்சை அடுத்த நொடியே புஸ்ஸென்று விட்டுவிட்டாள். உடனே இரண்டாவது தடவைக்குக் குலுக்க ஆரம்பித்தாள்.

டாக்டர் கையை நீட்டித் தடுத்தார். "உள்ள போன மருந்து நிக்கவே இல்லையேம்மா. பத்து எண்ணற வரைக்கும் பிடிக்கணும், அடுத்ததுக்கு நடுவுல ஒரு நிமிஷமாவது விடணும். யாரு உங்களுக்கு இப்படிச் சொல்லிக்குடுத்தா?" என்று கேட்டார். அம்மா பெருமையாகச் சொன்னாள், "என் பெரிய பொண்ணு. நெஞ்சு வார்டுல நர்ஸா இருக்கா. தினமும் அவளைப் பாத்துத்தான் எடுத்துக்கறேன்" என்று.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். உனக்காகத் தலை குனிந்தேன் அக்கா. கோபம் அப்புறம்தான் வந்தது. "அவ சரியாத்தான் டாக்டர் சொல்லிக்குடுத்திருக்கா, அம்மா மறந்திருப்பாங்க" என்றுதான் என் வாயில் வந்தது. அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. ஆட்டோவில் வழி நெடுக என் பக்கம் திரும்பவே இல்லை. "நான் எதை மறந்தேன்? அவ பண்றதைத்தான் பண்றேன்" என்று வெளியே ரோட்டைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும், எடுக்கும்போது நானும் கூட இருக்கிறேன் என்றேன். பெரிய மனசு பண்ணி உள்ளே விட்டாள். போனில் சேனலைத் திறந்து உன் படத்தைத் தொட்டாள். நான் வெட்டியது வரும் என்று பார்த்தால், ஏதோ பளபளவென்று தலைப்பு சுழன்று வந்தது, அடியில் டொய்ங் டொய்ங்கென்று ஒரு பாட்டு. "இப்பல்லாம் பாட்டு போட்டிருக்கா பாரு" என்றாள் அம்மா. திரையில் நீ இருந்தாய். நம் வீட்டு நீலப் போர்வையைத் திரையாகக் கட்டி, நீ அங்கே வேலைக்குக் கிளம்புவதற்கு முன்பு எடுத்த அதே படம். "மூச்சைப் பிடிச்சு மனசுக்குள்ள பத்து எண்ணுங்க" என்று சொல்கிறாய். அழுத்துகிறாய், இழுக்கிறாய். உன் கன்னம் உப்பி நின்ற அடுத்த கணம், வெட்டிய இடத்தில் படத்தில் ஒரு சின்னக் குதிப்பு. விட்டுவிட்டாய். எண்ணவே இல்லை. இரண்டு தடவைக்கு நடுவில் நீ சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்த அந்த ஒரு நிமிஷமும் இல்லை. சத்தமில்லாத இடமெல்லாம் போயிருந்தது.

பக்கத்தில் அம்மா, உன் கன்னம் உப்பியபோது உப்பி, நீ விட்டபோது விட்டாள். நீ குலுக்கியபோது குலுக்கினாள். அப்புறம் மூச்சு வாங்கிக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "அவ நெஞ்சு நல்ல நெஞ்சு, சீக்கிரம் முடிச்சுடறா. எனக்குத்தான் அவளுக்கு ஈடு குடுக்க முடியல. பத்து எண்ணச் சொல்றா, நான் ரெண்டு எண்ணறதுக்குள்ள அவ விட்டுடறா. வேகமா எண்ணிப் பழகணும் போல."

நான் எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

முடிவில் என் பெயர் வந்தது அக்கா. படத்தொகுப்பு என்று போட்டு, என் முழுப்பெயர். மரியாதைக்கு வைத்திருக்கிறார்கள் போல.

கம்பெனிக்குக் கூப்பிட்டேன். அந்தப் பெண் பயந்துபோய் மேனேஜரிடம் கொடுத்தாள். அவர் பேசுவதற்கு முன்னால் தொண்டையைக் கனைத்தார். ஒலியை வெட்டி ஒட்டியே பிழைக்கிறவள் நான், ஒருமுறை கேட்ட கனைப்பை மறக்க மாட்டேன். உன் டி.வி. அவர்தான். அதை அவரிடம் கேட்கவில்லை. மூச்சு விஷயத்தை மட்டும் சொன்னேன். "மேடம், வாயால பத்து எண்ணுங்கன்னு தெளிவா சொல்றாங்களே. அப்புறம் எதுக்கு ஒருத்தர் கன்னத்தை உப்பிக்கிட்டு நிக்கறதைக் காட்டணும்? ஜனங்க தள்ளிவிட்டுப் போயிடறாங்க" என்றார். ஜனங்கள் பார்த்துச் செய்கிறார்கள், கேட்டுச் செய்வதில்லை என்றேன். என் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். ரொம்ப வருத்தப்பட்டார். "வயசானவங்க இல்லையா மேடம்" என்றார். வீடியோவை எடுக்க முடியுமா என்று கேட்டேன். "ஒப்பந்தம் உங்க அக்காவோட. அவங்கதான் பாத்து ஓகே பண்ணினாங்க. அவங்க ஒரு வரி எழுதினா அடுத்த நிமிஷம் எடுத்துடறோம். நீங்க சொன்னா முடியாது மேடம்" என்றார்.

என் முறை என்கிறார்கள், என் பெயர் இருக்கிறது, நான் சொன்னால் முடியாதாம்.

அம்மாவுக்கு வழி செய்துவிட்டேன். என் கம்ப்யூட்டரில் இருந்த பழைய வீடியோவை அவள் போனில் ஏற்றி, உன் முகத்தை அப்படியே முகப்பில் வைத்துவிட்டேன். மாற்றியதைச் சொல்லவில்லை. நேற்றுக் காலை எடுத்து முடித்துவிட்டு வெளியே வந்தவள், "இன்னிக்குத்தான் பெரியவ நிதானமா இருக்கா. இத்தனை நாள் ஏதோ அவசரத்துலயே இருந்தா, பாவம், அங்க வேலை ஜாஸ்தி போல" என்றாள். ஆமாம் என்றேன். உன்னை அவளிடம் காட்டிக்கொடுக்க மாட்டேன். அந்தப் பயம் உனக்கு வேண்டாம்.

ஆனால் மற்றவர்கள் போனில் நான் எதை ஏற்றுவது? அந்த வீடியோவுக்குக் கீழே எழுதியிருப்பதைப் படித்தேன். ஒருத்தி எழுதியிருக்கிறாள், "சிஸ்டர், என் பையனுக்கு உங்களைப் பாத்துத்தான் தினமும் குடுக்கறேன், நீங்க நல்லா இருக்கணும்" என்று. அதற்குக் கீழே கம்பெனி ஒரு இதயம் போட்டிருக்கிறது. அந்தப் பையனுக்கு என்ன வயது என்று தெரியவில்லை. அவன் எவ்வளவு வேகமாக எண்ணுகிறானோ!

இனி உன் கடைசி வரிக்கு வருகிறேன். ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டுத்தான் ஓகே சொல்கிறேன் என்கிறாய். இத்தனை வருஷம் நெஞ்சு நோயாளிகளோடு இருக்கிறவள் நீ. தூக்கத்தில் காட்டினாலும் அந்தக் குதிப்பு உனக்குத் தெரிந்திருக்கும். அப்படியென்றால், பார்த்தும் விட்டுவிட்டாய், அல்லது பார்க்கவே இல்லை. நீ பார்த்தும் விட்டிருக்க மாட்டாய். அதை யார் சொன்னாலும் நம்ப மாட்டேன். அப்படியானால் பார்க்கவில்லை.

இந்த இடத்தில் எனக்கு வேறு ஒன்று புரிந்தது. நம் பழைய மெசேஜ்களை மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தேன். நான் வீடியோ அனுப்பியிருக்கிறேன், கீழே நீ "சூப்பர்டி", "கலக்கிட்ட", "இதைவிட நல்லா யாரும் பண்ண முடியாது" என்று எழுதியிருக்கிறாய். ஒவ்வொன்றும், நான் அனுப்பிய அடுத்த நிமிஷமே, படம் ஓடி முடியவே முடியாத நேரத்துக்குள் வந்திருக்கிறது. இத்தனை நாளாக என் கண்ணெதிரேதான் இருந்தது. வேகமாகப் பார்த்துவிடுகிறாள், அக்கா எதிலும் வேகம் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். நீ ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை, இல்லையா? என்னுடையதையும் அப்படித்தான், அவர்களுடையதையும் அப்படித்தான். இரண்டுக்கும் ஒரே கட்டைவிரல். அந்த ஞாயிற்றுக்கிழமையைக்கூட ஒருநாள் மன்னித்துவிடுவேன் என்றுதான் தோன்றுகிறது. இதை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அழுது வடிந்து எழுதவில்லை. மத்தியான வெளிச்சத்தில், மேஜையில் டீயோடு உட்கார்ந்துதான் எழுதுகிறேன். அம்மா பக்கத்து அறையில் துணி மடிக்கிறாள். இழுப்புச் சத்தம் இங்கே கேட்கிறது, முந்தாநாளைவிடக் குறைவுதான். மருந்தை இப்போதைக்கு ஏற்ற வேண்டாம், பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

என் பெயரை எடுக்கச் சொல்ல வேண்டாம், இருந்துவிட்டுப் போகட்டும். நான் பேசிய பதிவை வேண்டுமானால் நூறு பேருக்குக் காட்டட்டும். கம்பெனியை விட்டுவிடு என்றும் கேட்கவில்லை. நீ ஒரு வரி எழுதினால் அந்த வீடியோ போய்விடும். இன்றே எழுது.

எழுதுவதற்கு முன்னால் ஒரு முறை அதை ஓடவிடு. வார்டிலிருந்து ஒரு இன்ஹேலரை எடுத்து வைத்துக்கொள். திரையில் நீ இழுக்கும்போது இழு, விடும்போது விடு. இடையில் போன் வந்தால் எடுக்காதே. மாமா கூப்பிட்டால் வருகிறேன் என்று சொல். எழுந்து போய்விடாதே, அக்கா. முடிகிற வரை உட்கார்ந்து பார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை